கிடாரி வளைத்த துறை

யோருன் பேரைச் சொன்னால் ஐஸ்லாந்தின் இந்த விரிகுடாவில் எல்லோரும் முதலில் அந்தக் கிடாரிக் கதையைத்தான் எடுப்பார்கள். ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். அவளுடைய சுக்கான்காரன் ஓட்டார் சொன்னால் கிடாரி கடலில் நீந்தியே போகும். பக்கத்து நிலத்து ஓல்விர் வீட்டில் சொன்னால் தண்ணீர் அதன் கணுக்காலுக்கு மேல் ஏறவே ஏறாது. நடந்தது இரண்டுக்கும் நடுவில். அன்று காலையிலிருந்து பொழுது சாயும்வரை குதிரைமேல் கூடவே போன அவளுடைய அக்கா அஸ்வோருக்கு அது நன்றாகத் தெரியும்.

அஸ்வோர் மூத்தவள், யோருன் இளையவள். நடுவில் பிறந்தவை தங்கவில்லை. சொந்த ஊர் நார்வேயில் சோக்ன் விரிகுடா. மலையில் மாக்கல் வெட்டிச் சட்டி குடைகிறவர்களிடம் அவர்கள் அப்பா சரக்கெடுப்பார். கூடவே சாணைக்கல்லும் ஏற்றிக்கொண்டு, கோடை முழுக்கத் தெற்கே ஒவ்வொரு சந்தையாகப் போய் விற்றுவிட்டுக் குளிருக்கு முன் திரும்புவார். யோருனைத் தறியில் உட்கார வைத்தால் துணி கோணும். கறி கிளறச் சொன்னால் அடிப்பிடிக்கும். படகில் ஏற்றினால் மட்டும் எல்லாம் நேராகிவிடும். காற்று எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று அப்பா முகத்தைத் தூக்கிப் பார்ப்பதற்குள் அவள் பாய்க் கயிற்றைக் கையில் பிடித்திருப்பாள். ஒரு வருஷம் கப்பல் கிளம்புகிற அன்று அவளைக் காணவில்லை என்று அம்மா தோப்பெல்லாம் தேடினாள். அஸ்வோர் தேடவில்லை. சட்டிகளுக்கு நடுவில் வைக்கோலோடு வைக்கோலாக அவள் படுத்திருப்பது அஸ்வோருக்குத் தெரியும். அப்பா பாதி வழியில் கண்டுபிடித்தார், திட்டினார், பிறகு ஒவ்வொரு வருஷமும் அவரே கூட்டிப்போனார்.

பெர்சி என்கிற சரக்குக் கப்பல்காரனைத்தான் அவள் கட்டிக்கொண்டாள். இருவரும் சேர்ந்து டப்ளின், ஓர்க்னித் தீவுகள் என்று போகாத துறை இல்லை. பெர்சிக்கு விற்கத் தெரியும், யோருனுக்கு ஓட்டத் தெரியும். பறவை எந்தப் பக்கம் இரை கொண்டுபோகிறது, அலையின் நிறம் எங்கே வெளுக்கிறது என்பதை வைத்தே மூடுபனியில் கரை கண்டுவிடுவாள். பெர்சி ஓர்க்னியில் காய்ச்சலில் இறந்துபோனபோது கூட்டாளிகள் கப்பலை விற்றுவிடலாம் என்றார்கள். யோருன் தன் நகைகளைக் கழற்றி வைத்து அவர்கள் பங்கையும் தானே எடுத்துக்கொண்டாள். சுக்கான் பிடிக்க ஓட்டாரை வைத்துக்கொண்டாள். அவன் வாய் ஓயாதவன். ஆனால் கை நல்ல கை.

அப்பா, அம்மா காலத்துக்குப் பிறகு நிலம் சித்தப்பா மகன்களுக்குப் போனது. அஸ்வோர் அந்த வீட்டில் ஒரு மூலையில் நெய்துகொண்டிருந்தாள். யோருன் வந்தாள், தறியை அவிழ்த்தாள், கப்பலில் ஏற்றினாள். "ஐஸ்லாந்துல நிலம் ஆளில்லாம கிடக்காம். கிளம்பு அக்கா," என்றாள். அஸ்வோர் கிளம்பிவிட்டாள். அந்தக் கப்பலின் பாயில் பாதி அஸ்வோர் நெய்தது. தன் துணி எங்கெல்லாம் போயிருக்கிறது என்று ஒரு தரமாவது பார்க்க அவளுக்கும் ஆசை இருந்தது.

கப்பலில் ஆடுகளும், ஒரு கிழட்டுக் குதிரையும், சினைப் பசு ஒன்றும் வந்தன. நடுக்கடலில் புயல் பிடித்த நாளில்தான் அந்தப் பசு கன்று போட்டது. கப்பல் சாய்ந்தபோது பசுவும் சாய்ந்தது. அதைத் தாங்கப் போன அஸ்வோரின் முழங்கால் அடியில் மாட்டிக்கொண்டது. பசு பிழைக்கவில்லை. கன்றும் முழங்காலும் ஒருவாறு பிழைத்தன. அலை என்று அர்த்தம் வரும்படி கன்றுக்கு பாரா என்று பேர் வைத்தார்கள். பால் ஏது? தின்பதற்கு உலர்த்தி வைத்திருந்த செம்பாசியை, அந்தச் சிவப்புக் கடற்பாசியை, வேகவைத்த தண்ணீரில் கொஞ்சம் மாவு கரைத்து, அஸ்வோர் விரலை நனைத்து நனைத்துச் சப்பக் கொடுத்தாள். கொஞ்சம் தேறியதும் பாசியையே தின்றது. கரை இறங்கியபோது புல்லைப் பார்த்து மிரண்டது அந்தக் கன்று.

இறங்கியது ஓல்விர் நிலத்தில். ஓல்விர் இந்தப் பக்கம் முதலில் வந்த பெரிய மனுஷர். வாலிபத்தில் அயர்லாந்துக் கரையெல்லாம் சூறையாடியவர். கோவிலிலிருந்து தூக்கிவந்த வெள்ளிக் கிண்ணத்தில்தான் இப்போதும் மோர் குடிப்பார். இப்போது தொந்தி விழுந்து, நல்ல ஆட்டுத்தோல் காலணி போட்டுக்கொண்டு, நடக்கும்போது சேறு படாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பார். வந்தவர்களை அவர் குறை வைக்காமல் பார்த்துக்கொண்டார். ஓடைக்குப் பக்கத்தில் குடிசை போட இடம் கொடுத்தார். முதல் விருந்திலேயே தன் பழைய வீரத்தை அவிழ்த்துவிட்டார். எந்த ஊரைக் கொளுத்தினார், எந்த ஊரில் என்ன எடுத்தார் என்று வரிசையாகச் சொன்னார்.

யோருன் கேட்டுவிட்டு, "அந்த ஊருக்குத்தான் அண்ணே நான் அடுத்த வருஷம் சட்டி ஏத்திட்டுப் போனேன். வீட்டுக்கு வீடு சட்டி உடைஞ்சு கிடந்துச்சு. அப்படி ஒரு வியாபாரம் அதுக்கப்புறம் எனக்கு ஓடவே இல்ல," என்றாள்.

ஓல்விர் மோர் புரையேறச் சிரித்தார். அன்றிலிருந்து அவளை அவருக்குப் பிடித்துப்போயிற்று.

ஆனால் நிலம் என்று வரும்போது பிடித்ததும் பிடிக்காததும் ஒன்றும் செய்யாது. ஓல்விரின் எல்லை ஓடையோடு முடிந்தது. ஓடைக்கு வடக்கே நல்ல புல்வெளி, வெந்நீர் ஊற்று, அருவி. கடலோரத்தில் வடக்கு முனைக்கும் தெற்கு முனைக்கும் நடுவில் ஒரு சின்னத் துறை. எந்தக் காற்றும் உள்ளே புகாத துறை. அதில் நின்றால் கப்பல் தொட்டிலில் கிடக்கிற மாதிரி கிடக்கும். யோருன் இறங்கிய முதல் நாளே அதைப் பார்த்துவிட்டாள். அதற்குமேல் வேறு இடம் பார்க்கவே இல்லை.

அந்த நிலம் யாருக்கும் சொந்தமாகியிருக்கவில்லை. ஆண்கள் நிலம் எடுப்பதென்றால் காலையில் தீ மூட்டி, ஒரு தீயின் புகை தெரியும் தூரத்தில் அடுத்த தீ என்று பொழுது சாயும்வரை மூட்டிக்கொண்டே சுற்றி வர வேண்டும். ஓல்விர் தன் தீயை ஏற்கனவே மூட்டி முடித்துவிட்டார். ஒருவருக்கு ஒரு தரம்தான். ஓட்டார் மூட்டியிருக்கலாம். ஆனால் நிலம் ஓட்டாருக்குப் போகும், யோருனுக்கு வராது. பெண்ணுக்கு வேறு வழி. நல்ல தீனி தின்று வளர்ந்த இரண்டு வயதுக் கிடாரி ஒன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, வசந்தகால நாள் ஒன்றில் சூரியன் உதிக்கும்போது கிளம்பி, மறைவதற்குள் சுற்றி அதே இடத்துக்கு வர வேண்டும். வளைத்தது எல்லாம் அவளுக்கு. வட்டம் மூடவில்லை என்றால் ஒரு பிடி மண்ணும் கிடையாது. அவள் பக்கத்தில் ஒருவர், பக்கத்து நிலக்காரர் பக்கத்தில் ஒருவர் என்று சாட்சியும் கூடவே வர வேண்டும்.

அவர்களிடம் இருந்த ஒரே கிடாரி பாரா. அது வளர வேண்டும். ஆகவே யோருன் காத்திருந்தாள்.

இரண்டாவது குளிரில் ஒரு நாள் ஓல்விர் அடுப்போரம் உட்கார்ந்து, வருகிற கோடையில் தன் மகன்கள் இருவரும் கப்பலோடு வருகிறார்கள், ஓடைக்கு வடக்கே தீ மூட்டுவார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னார். துறையைப் பற்றிக் கவலைப்படாதே என்றும் சேர்த்துக்கொண்டார்.

"இப்ப மாதிரியே படகை அங்க நிறுத்திக்கம்மா. யாரு வேணாம்னா? பையனுங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நிறுத்து, அவ்வளவுதான்."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். யோருனும் தலையாட்டிவிட்டு வந்தாள். குடிசைக்கு வந்து காலணியைக் கழற்றி எறிந்தவள், பாராவுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் வந்து நின்றாள்.

"கேட்டுட்டு கடல்ல இறங்குறதுக்கா அக்கா நான் இத்தனை தூரம் வந்தேன்?"

அஸ்வோர் பாராவின் தொட்டியில் இன்னொரு கை பாசி போட்டாள்.

அந்தக் குளிரில் அவர்கள் வீட்டில் மனுஷருக்கு இருந்ததைவிடப் பாராவுக்குக் கவனிப்பு அதிகம். புல் தீர்ந்தபோது மீன் தலையை வேகவைத்துக் கொடுத்தார்கள். கரையில் ஒதுங்கிய பாசியைத் தட்டி உலர்த்திக் கொடுத்தார்கள். பனி உருகி, புல் துளிர்த்து, நாள் குறித்தபோது ஓல்விர் சாட்சியாக வந்து, கிடாரியின் விலாவைத் தடவிப் பார்த்தார். எலும்பு கையில் படவில்லை. "என்னைவிட நல்லாத் தின்னிருக்கு," என்று சொல்லிவிட்டு, தன் தொந்தியையும் தட்டிக்கொண்டார்.

எந்த இடத்தில் முளை அடித்துக் கிளம்புவது என்பதில்தான் அக்காவுக்கும் தங்கைக்கும் சின்ன வாக்குவாதம் வந்தது. சூரியன் போகிற திசையில்தான் சுற்ற வேண்டும், அதை மாற்ற முடியாது. தெற்கு முனையில் கிளம்பினால் முதலில் துறை வரும், பிறகு மலை. வடக்கு முனையில் கிளம்பினால் முதலில் மேடு, அருவி, மலையடி, ஓடை, கடைசியில் துறை. வேண்டியதை முதலில் வளைத்துவிடு, மாடு சுறுசுறுப்பாக இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று அஸ்வோர் சொல்லிப் பார்த்தாள்.

"துறை கடைசிலதான் அக்கா வரும். எந்தப் பயணத்துல துறை முதல்ல வந்திருக்கு?" என்று யோருன் வடக்கு முனையில் முளையை அடித்துவிட்டாள். ஓட்டாரும் அதுதான் சரி என்றான். கப்பல்காரர்களுக்கு வேறு மாதிரி யோசிக்க வராது.

விடிந்தது. சூரியன் மலைமேல் விளிம்பு காட்டியதும் யோருன் வால்ரஸ் தோல் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நடந்தாள். பின்னால் சாட்சிகள். ஓல்விர் நல்ல காலணியோடு, ஓட்டார் வாயோடு. அஸ்வோர் கிழட்டுக் குதிரைமேல், கருவாடும் வெண்ணெயும் மோர்ப் பையும் கட்டிக்கொண்டு. குளிர்ந்த காற்று, தெளிந்த வானம். அருவி வரை பாரா துள்ளிக்கொண்டு போனது. ஓட்டார் அதைப் பார்த்து, மாடு இப்படிப் போனால் மலைக்கு அந்தப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றான். மலைக்கு அந்தப் பக்கம் தன் மச்சான் இருக்கிறான், அவனையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் ஓல்விர்.

மலையடியில் கல் அதிகம். பாராவின் நடை குறைந்தது. பிறந்ததிலிருந்து அது அவ்வளவு தூரம் நடந்ததே இல்லை. படகு, குடிசை, ஓடைக்கரை, இவ்வளவுதான் அதன் உலகம். குளம்பில் கல் குத்தினால் நின்றுவிடும். யோருன் குனிந்து எடுத்துவிட்டு, நெற்றியைத் தடவி, மறுபடி நடத்துவாள். வெந்நீர் ஊற்றுக்கு வரும்போது பொழுது நன்றாகச் சாய்ந்திருந்தது. அங்கே கொஞ்சம் உட்கார்ந்து தின்றார்கள். பாராவும் படுத்து அசை போட்டது. எழுப்பவே பெரும்பாடாகிவிட்டது.

அஸ்வோர் சூரியனைப் பார்த்தாள், தூரத்தைப் பார்த்தாள். வெந்நீர் ஊற்றிலிருந்து குறுக்கே போனால் துறைக்குப் பின்பக்கமாக நேரே வடக்கு முனைக்குப் போய்விடலாம். புல்வெளி கிடைக்கும், ஊற்று கிடைக்கும், அருவி கிடைக்கும். துறை கிடைக்காது. ஓடையோடு இறங்கித் தெற்கு முனைக்குப் போய், அங்கிருந்து துறையின் சேற்றுக் கரையைச் சுற்றி வந்தால் எல்லாம் கிடைக்கும், இல்லாவிட்டால் ஒன்றுமே கிடைக்காது. குதிரையைத் தங்கைக்குப் பக்கத்தில் ஓட்டிப் போய் இதைக் காதோடு சொன்னாள். சாட்சி கேட்கக்கூடாது என்று குனிந்து சொன்னாள். ஆனால் ஓல்விருக்கும் அது தெரிந்தே இருந்தது. அவர் வேண்டுமென்றே ஊற்றுப் பக்கம் திரும்பி முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

யோருன் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு அக்காவின் நல்ல முழங்காலில் கை வைத்து, "புல் இல்லாம நான் இருந்துடுவேன் அக்கா," என்றாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கினாள்.

சூரியன் இப்போது நேர் எதிரில், கண்ணில் அடித்தது. ஓடைக்கரை ஈரப் புல். பாரா இரண்டு அடிக்கு ஒரு தரம் நின்று மேய்ந்தது. ஓட்டாரின் வாய் மூடியிருந்தது. அதைவிடக் கவலையான விஷயம் அஸ்வோருக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. தெற்கு முனைக்கு வந்தார்கள். அதற்குமேல் பாரா முடியாது என்று முன்னங்காலை மடித்தது, பின்பக்கத்தையும் இறக்கியது, முகத்தை நீட்டிப் படுத்துவிட்டது.

யோருன் இழுத்தாள், தடவினாள், கெஞ்சினாள். ஓட்டார் பின்னால் தட்டிக் கொடுத்தான். சட்டப்படி தட்டலாம், அடிக்கக்கூடாது. பாரா அசை போட்டது. துறையின் அந்தப் பக்கம் வடக்கு முனையில் காலையில் அடித்த முளை தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் நடுவில் தண்ணீர். கரையோடு சுற்றிப் போனால் சேறும் சதுப்பும். களைக்காத மாடாக இருந்தாலும் இருட்டுவதற்குள் போய்ச் சேராது. அது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யோருன் கயிற்றை விடவில்லை. ஆனால் பாராவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஓல்விர் எதுவும் சொல்லவில்லை. வாய் நிறையச் சொல்லக்கூடியவர் அவர், சொல்லவில்லை. அதை அஸ்வோர் இன்றுவரை அவர் கணக்கில் நல்லதாகவே வைத்திருக்கிறாள்.

அப்போதுதான் காற்று திரும்பியது. கடலிலிருந்து மெல்ல அடித்தது. கடல் வற்றியிருந்தது. அரை நிலாக் காலம், அதிகம் வற்றாது. ஆனாலும் இரண்டு முனைக்கும் நடுவில், துறையின் வாயில், நீளமாகக் கருத்த திட்டு ஒன்று முதுகு காட்டியது. கல்லும் மணலும் கலந்த திட்டு. அதன்மேல் எங்கு பார்த்தாலும் ஈரச் செம்பாசி.

பாரா அசை போடுவதை நிறுத்தியது. மூக்கைத் தூக்கியது. பின்னங்கால் எழுந்தது, முன்னங்கால் எழுந்தது. யோருன் எழுவதற்குள் கயிறு இறுகி அவளை இழுத்தது. நேராகத் தண்ணீரைப் பார்த்து நடந்தது கிடாரி.

யோருன் குதிகாலை ஊன்றிப் பின்னால் இழுத்தாள். "அங்க போகாதடி, தட்டும்," என்று கத்தினாள்.

கப்பலின் முன்னால் நின்றுகொண்டு சுக்கான்காரனுக்குச் சொல்கிற சத்தம் அது. அந்தத் திட்டை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. இரண்டு வருஷமாக அதில் படகின் அடி உரசாமல், நடுவில் இருக்கிற ஒரே வாய்க்கால் வழியாக, கடல் ஏறியிருக்கும் நேரம் பார்த்துப் பார்த்து உள்ளே போய் வந்தவள். அவளுக்கு அது தட்டுகிற இடம், விலக வேண்டிய இடம். ஓட்டாருக்கும் அப்படித்தான். அன்று காலையிலிருந்து இரண்டு பேரும் துறையைச் சுற்றி எப்படிப் போவது என்று பேசினார்களே தவிர, அந்தத் திட்டை ஒரு தரம்கூட வாயில் எடுக்கவில்லை.

கடலோடு ஒட்டாத அஸ்வோர்தான் குதிரைமேலிருந்து சொன்னாள்: "படகு தட்டுற இடம்னா, மாடு நிக்கிற இடம்தானே?"

யோருன் திரும்பி அக்காவைப் பார்த்தாள். அப்படி ஒரு முழி அவள் முகத்தில் அஸ்வோர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பிறகு கயிற்றைத் தளர்த்தினாள். பாவாடையை முடிந்துகொண்டாள்.

பாரா திட்டில் ஏறியது. ஒரு வாய் பாசி பிடுங்கும், தின்றுகொண்டே நாலு அடி போகும், அடுத்த வாய் பிடுங்கும். முன்னால் இருக்கிற பாசி எப்போதும் இன்னும் நன்றாக இருந்தது போலும். யோருன் கயிற்றோடு கூடவே போனாள். பின்னால் ஓட்டார், ஒவ்வொரு கல்லையும் பேர் சொல்லித் திட்டிக்கொண்டு. இந்தக் கல் போன வருஷம் சுக்கானை உரசியது, அந்தக் கல் பலகையைப் பெயர்த்தது. அவனுக்குப் பின்னால் ஓல்விர். சாட்சி கூடவே போயாக வேண்டும். கரையில் ஒரு கணம் நின்று தன் காலணியைக் குனிந்து பார்த்தார். பெருமூச்சு விட்டார். இறங்கினார்.

நடுவில் வாய்க்கால். படகு நுழைகிற இடம். அங்கே திட்டு தண்ணீருக்குள் இறங்கி அந்தப் பக்கம் எழுகிறது. பாராவுக்கு அந்தப் பக்கத்துப் பாசி தெரிந்தது. இறங்கிவிட்டது. தண்ணீர் அதன் வயிற்றைத் தொட்டது, விலாவில் ஏறியது. யோருனுக்கு இடுப்புக்கு மேல். குதிரையோடு பின்னால் வந்த அஸ்வோர் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். தண்ணீரில் தெளிவில்லை. மாடு நடக்கிறதா, மிதக்கிறதா என்று அவளுக்கே சொல்ல முடியவில்லை. கிடாரியை நடத்தித்தான் நிலம் எடுக்க வேண்டும், நீந்த விட்டு அல்ல.

அந்தப் பக்கம் ஏறி, பாசி தின்று, வடக்கு முனையில் முளைக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது சூரியனின் பாதி இன்னும் கடலுக்கு மேலே இருந்தது. யோருன் முளையைத் தொட்டாள். ஈரத்தில் நடுங்கிக்கொண்டே திரும்பி ஓல்விருக்காகக் காத்திருந்தாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். மார்புவரை நனைந்திருந்தார். ஒரு காலணி இல்லை.

ஓட்டார் வாயைத் திறந்தான். யோருன் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வாய்க்கால்ல நீங்களும் அண்ணே பின்னாலயே வந்தீங்க. அது கால் தரையில பட்டுச்சா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்."

இது சத்திய விஷயம். ஊர்க் கூட்டம் கூடும்போது, சத்தியம் செய்வதற்கென்றே வைத்திருக்கும் வளையத்தின்மேல் கை வைத்து இதையே அவர் திரும்பச் சொல்ல வேண்டும். இல்லை என்று சொன்னால் துறை மகன்களுக்கு. ஓல்விர் கால் விரல்களைக் குனிந்து பார்த்தார், கடலைப் பார்த்தார்.

"எனக்குத் தரையில பட்டுச்சு. என் காலணி அந்தத் தரையிலதான் மாட்டிட்டு நிக்குது," என்றார். "எனக்கு ரெண்டு கால். அதுக்கு நாலு. எனக்குப் பட்டா அதுக்குப் படாதா?"

பிறகு அவரே சிரிக்க ஆரம்பித்தார். உடம்பு குலுங்க, நனைந்த சட்டையிலிருந்து தண்ணீர் தெறிக்கச் சிரித்தார். வாழ்நாள் முழுக்கக் கடலோரத்தில் அடுத்தவர் பொருளை எடுத்தேன், ஆனால் கடலையே எடுத்துக்கொண்டு போகிறவளை இன்றுதான் பார்க்கிறேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் சொன்னதில் கணக்கும் இருந்தது. கரையோடு சுற்றியிருந்தால் துறையின் ஓரம் மட்டும் யோருனுக்குக் கிடைத்திருக்கும். அதன் வாயை மூடி வளைத்ததால் துறை முழுக்க, உள்ளே இருக்கிற தண்ணீரோடு, அவளுடையது ஆகிவிட்டது.

மறுநாள் கடல் வற்றிய நேரத்தில் யோருன் தானே வாய்க்காலில் இறங்கி, துழாவி, அந்தக் காலணியைக் கண்டெடுத்தாள். உலர்த்தி, மீன் எண்ணெய் தடவி, அஸ்வோர் நெய்த துணி ஒரு முழத்தில் சுற்றி ஓல்விர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கூட்டத்துக்கு அவர் அதே காலணியைப் போட்டுக்கொண்டுதான் வந்து சத்தியம் செய்தார்.

கோடையில் அவர் மகன்கள் வந்தார்கள். பெரிய கப்பல், புதுப் பாய். கடல் வற்றிய நேரத்தில் வந்து, திட்டுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே வர வழி தெரியாமல் தவித்தார்கள். ஓல்விர் குன்று ஏறி யோருன் வீட்டுக்கு வந்தார். அப்போதுதான் புல்லோடு வெட்டிய மண்கட்டி அடுக்கிச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். பையன்கள் கப்பலை இங்கே கட்டலாமா என்று கேட்க வந்திருக்கிறார் என்பது அஸ்வோருக்குப் புரிந்தது. யோருனுக்கும் புரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் கையில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இந்தத் துறையில யாரும் கேட்டுட்டு இறங்க வேண்டியதில்ல அண்ணே," என்றாள். சின்னப் படகை எடுத்துக்கொண்டு போய், கடல் ஏறும்வரை பையன்களோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, வாய்க்கால் வழியாக அவளே முன்னால் துடுப்புப் போட்டு அவர்களை உள்ளே கூட்டி வந்தாள். பையன்கள் ஓடைக்குத் தெற்கே தங்கள் அப்பா நிலத்திலேயே வீடு கட்டினார்கள். இடம் தாராளமாகவே இருந்தது. அன்றிலிருந்து இந்தப் பக்கம் வருகிற கப்பல் எல்லாம் அங்கேதான் நிற்கின்றன.

யோருன் அன்று கணக்குப் போட்டுத்தான் துறையைக் கடைசியில் வைத்தாள், கடல் வற்றும் நேரம் பார்த்துத்தான் கிடாரியைத் திட்டில் இறக்கினாள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அவளிடம் கேட்டால் ஆமாம் என்றும் சொல்ல மாட்டாள், இல்லை என்றும் சொல்ல மாட்டாள், அக்காவைப் பார்த்துக்கொண்டு மோரை ஊற்றுவாள். அஸ்வோரும் எதையும் திருத்துவதில்லை. இரண்டு கோடைக்கு ஒரு தரம் யோருன் ஓர்க்னிக்குப் போய் மாக்கல் சட்டியும் மாவும் கொண்டு வருகிறாள். தலை நரைத்துவிட்டது. சுக்கானில் கை இன்னும் நடுங்கவில்லை. ஓட்டார் இப்போதும் அந்தத் திட்டில் இருக்கிற கல்லையெல்லாம் திட்டுகிறான்.

பாரா நிறையக் கன்று போட்டுவிட்டது. கன்றுகளுக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது. வாசலோரம் தறி போட்டு அடுத்த பாய்க்கு நெய்துகொண்டிருக்கும் அஸ்வோர் கடலைப் பார்க்கவே வேண்டியதில்லை. மேய்ந்துகொண்டிருக்கும் பாரா தலையைத் தூக்கி, மூக்கை நீட்டி, குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு திட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தால், கடல் வற்ற ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அஸ்வோர் உள்ளே குரல் கொடுப்பாள், இன்றைக்குப் படகு எடுக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்து எடுங்கள் என்று.